சோதனை எவர் கடமை?

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ‘ஏரியேன் 5’ ரொக்கெட் முதன்முறையாக வானில் எழுந்தது. ஏறத்தாழ 40 வினாடிகளில் அது வழிவிலகிச் சிதறியது.

காரணம் யாது? எரிபொருளன்று, இயந்திரமன்று, கணினிச் செய்நிரலே. ஏரியேன் 4இல் குறைவின்றிப் பணியாற்றிய செய்நிரலின் ஒரு பகுதி, புதிய ரொக்கெட்டிலும் மாற்றமின்றி வைக்கப்பட்டிருந்தது. புதியதன் கிடைவேகமோ பழையதினும் மிகுதி. அவ்வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணுக்கு 32,767 வரையே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது; எண் அவ்வெல்லையைக் கடந்ததும் திசையறி கருவி செயலிழந்தது. துணைக்கருவியும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால், ஒன்றுக்கு நேர்ந்ததே மற்றதற்கும் நேர்ந்தது.

புதிய ரொக்கெட்டின் பறப்புப் பாதையைக் கொண்டு அக்கருவியைத் தரையிற் சோதித்திருப்பின் இப்பிழை வெளிப்பட்டிருக்கும் என விசாரணைக் குழு கண்டது.

செய்நிரலை எழுதியவர் தாம் எதிர்பார்த்தவற்றையே பெரும்பாலும் சோதிப்பார். எதிர்பாராதவற்றை வினவ மற்றொருவர் வேண்டும். ஆகவேதான் இன்று பல குழுக்கள், சோதனையாளரைத் திட்டமிடும் நாளிலேயே உடன் அமர்த்துகின்றன. சிறு சிறு பகுதிகளாக எழுதி, உடனுக்குடன் சோதிக்கின்றன. முன்னர் பிழையின்றி இயங்கியது என்பது முன்னைய சூழலுக்கு மட்டுமே சான்றாகும். சூழல் மாறின், சோதனையும் புதிதாகத் தொடங்குதல் வேண்டும்.