திரையில் வெடிக்கும் குண்டும் எங்கள் காதும்

ஹொலிவூட் படங்களில் குண்டு வெடித்தால் முதலில் தெரிவது நெருப்பு. செம்மஞ்சள் நிறத்தில், பனைமர உயரத்துக்கு உருண்டு திரண்டு எழும். அதே கணத்தில் சத்தமும் வரும். கதாநாயகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து வருவார். செல்லடிக்குள் வாழ்ந்த எங்களில் பலர் இந்தக் காட்சிக்குப் பயப்படுவதில்லை. சிரிப்புத்தான் வரும்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர் தூரந்தான் போகும். ஒரு கிலோமீற்றர் தள்ளி குண்டு விழுந்தால் வெளிச்சம் முதலில் தெரியும், சத்தம் வந்து சேர மூன்று விநாடி ஆகும். பௌதிகவியல் படிக்காத கிழவிக்கும் வன்னியில் இந்தக் கணக்குத் தெரியும். இரவில் வெளிச்சத்தைக் கண்டதும் எண்ணத் தொடங்குவோம். மூன்றுக்கு முன்னமே சத்தம் வந்துவிட்டால் பதுங்கு குழிக்குள் இன்னும் கீழே. சினிமாவில் அந்த இடைவெளியை எடுத்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாதாம்.

நெருப்பும் அப்படித்தான். படப்பிடிப்பில் வெடிக்க வைப்பது பெரும்பாலும் பெற்றோல். அது மெதுவாக எரிந்து பார்வைக்கு அழகாக எழும்பும். உண்மையான செல் வெடிப்பது கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். மிஞ்சுவது மண்ணும் புழுதியும் கறுத்த புகையும். ஆளைக் கொல்வது அந்த நெருப்பு அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் பீஸ். அதைப் படம் எடுக்க முடியாது என்பதால் திரையில் அது இல்லவே இல்லை.

கடந்த சில மாதங்களாக என் பெறாமகன் தெரிவு செய்யும் படங்களைத்தான் நானும் இருந்து பார்க்கிறேன். 2009க்குப் பிறகு பிறந்தவன். "சித்தப்பா, உண்மையா இப்பிடித்தான் வெடிக்குமோ?" என்று இடையில் கேட்பான். ஒப்பன்ஹைமர் (2023) படத்தில் மட்டும் "ஓம், கிட்டத்தட்ட இப்பிடித்தான்" என்று சொன்னேன். 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையைக் காட்டும்போது கிறிஸ்தோபர் நோலன் சத்தத்தை முழுவதாக நிறுத்திவிடுகிறார். வெளிச்சம், பிறகு மூச்சு விடும் ஒலி மட்டும். நாம் மறந்துபோயிருக்கும் நேரத்தில்தான் இடி வந்து சேர்கிறது. எனக்கு நெஞ்சு அடைத்தது அந்த இடியால் அல்ல, அதற்கு முதல் இருந்த மௌனத்தால்.

சூப்பர் ஹீரோ படங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நகரங்கள் இடிந்து விழும், ஆட்கள் செத்ததாகக் காட்டமாட்டார்கள். இடிபாட்டுக்குள் யார் கிடந்தார்கள் என்று அந்தக் கதைகள் நெடுங்காலம் கேட்கவில்லை. 2016இல் வந்த 'கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்' கேட்டது. சொக்கோவியா என்ற கற்பனை நாட்டில் அவெஞ்சர்ஸ் வென்ற சண்டையில் மகனை இழந்த ஒரு தாய், டொனி ஸ்டார்க்கின் கையில் மகனின் படத்தைக் கொடுக்கிறார். நாயகர்களை மேற்பார்வைக்குள் கொண்டுவர 117 நாடுகள் ஓர் உடன்படிக்கை எழுதுகின்றன. படத்தின் எதிராளி ஸெமோவும் அதே சொக்கோவியாவில் தகப்பனையும் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவன்தான். பிறகு படம் விமான நிலையத்தில் நாயகர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறது. அந்தத் தாயும் பிறகு வருவதில்லை. படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவோரம் இருக்கும் தாய்மாரைத் தினமும் காணும் எங்களுக்கு அவரை அவ்வளவு சுலபமாக மறக்க முடியாது.

அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் (2019) படத்திலும் ஒரு காட்சி அப்படி நின்றுவிட்டது. உலகத்தின் பாதிப் பேர் ஒரே கணத்தில் மறைந்து ஐந்து வருடம் கழிந்திருக்கிறது. நடந்தது எதுவும் தெரியாமல் திரும்பி வரும் ஸ்கொட் லாங், சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தோரின் பெயர்கள் பொறித்த கற்களுக்கு நடுவே மகளின் பெயரைத் தேடி ஓடுகிறான். அது அங்கே இருக்கக்கூடாது என்றபடி தேடுகிறான். மகளின் பெயர் இல்லை, தன்னுடைய பெயர் இருக்கிறது. ஒரு சில நிமிடந்தான் அந்தக் காட்சி. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தை நினைக்காமல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. படத்தில் விரல் சொடுக்கி எல்லோரையும் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அந்த இடத்தில் தியேட்டர்களில் கைதட்டல் விழுந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் கோபந்தான் வந்தது.

பேய்ப் படங்களுக்கு வருவோம். இவற்றில் பயமுறுத்தும் வேலையைச் செய்வது பேய் அல்ல, ஒலி. முதலில் பின்னணி இசையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். எங்கள் காது தானாகக் கூர்மையாகும். அப்போது திடீரென்று ஓர் அடி. மூளை யோசிக்க முதல் உடம்பு துள்ளிவிடும். எல்லா மனிதருக்கும் இது உண்டு. எங்களுக்கு அது துள்ளிய பிறகும் அடங்காது, அவ்வளவுதான் வித்தியாசம். தீபாவளி வெடிக்கு நிலத்தில் குந்தும் ஆட்களை எங்கள் ஊரில் இன்றும் காணலாம்.

'எ குவைட் பிளேஸ்' (2018) சத்தம் கேட்டால் வந்து கொல்லும் பிராணிகளைப் பற்றியது. ஒரு குடும்பம் வெறுங்காலோடு, மணல் கொட்டிய பாதையில், வாய் திறக்காமல் வாழ்கிறது. கர்ப்பிணித் தாய் சத்தம் போடாமல் பிள்ளை பெற வேண்டும். பிறந்த பிள்ளை அழாமல் இருக்க ஒரு பெட்டியும் ஒட்சிசனும் ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு இருட்டில் சனத்தோடு சனமாக நடந்து வந்த எந்தத் தாய்க்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் முடிவு வழமையான சண்டைப்படமாகிவிட்டது.

நான் பெரிதாக மதிப்பது 'அண்டர் த ஷடோ' (2016). ஈரானியரான பாபக் அன்வரி பாரசீக மொழியில் எடுத்தது. 1988, ஈராக்கின் ஏவுகணைகள் தெஹ்ரான் மீது விழும் காலம். கணவனை வைத்தியராகப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். சிடே என்ற பெண் சின்ன மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய பட்டிகள், சைரன் கேட்டதும் நிலவறைக்கு ஓட்டம், வெடிக்காமல் கூரையைத் துளைத்து நிற்கும் ஓர் ஏவுகணை. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வெளிக்கிட்டுப் போகிறார்கள். இவள் போகமாட்டேன் என்கிறாள். பிறகு போக நினைத்தால், பாவைப்பிள்ளையைக் காணவில்லை, அது இல்லாமல் வரமாட்டேன் என்று மகள் அழுகிறாள். ஜின் வருவது இதற்கு நடுவில்தான். இடப்பெயர்வின்போது எதை எடுப்பது எதை விடுவது என்று வாசலில் நின்ற அந்தப் பத்து நிமிடத்தை இவ்வளவு சரியாகக் காட்டிய பேய்ப் படம் எனக்கு வேறு தெரியாது.

'ஹிஸ் ஹவுஸ்' (2020) புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் பார்க்க வேண்டியது. ரெமி வீக்ஸ் இயக்கியது. தென்சூடானிலிருந்து கடல் வழியே வந்த போலும் ரியாலும் இங்கிலாந்தில் அகதிகள். சேதமடைந்த ஒரு வீட்டைக் கொடுத்து நிபந்தனை சொல்கிறார்கள்: வேலை செய்யக்கூடாது, வேறு இடம் போகக்கூடாது. சுவருக்குள் கடலில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதை அதிகாரியிடம் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. கணவன் முள்ளுக்கரண்டியால் சாப்பிடப் பழகுகிறான். மனைவிக்கு அதில் இரும்பின் ருசிதான் தெரிகிறது. கடைசியில் வெளிவரும் உண்மையை இங்கே எழுதமாட்டேன். எப்படித் தப்பி வந்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத பகுதி பலரிடம் உண்டு, படம் அந்த இடத்தைத் தொடுகிறது.

எல்லாவற்றிலும் மேலாக 'கொட்ஸில்லா மைனஸ் வன்' (2023). கொட்ஸில்லா முதலில் வந்தது 1954இல். அந்த வருடம் மார்ச்சில் அமெரிக்கா பிகினியில் நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சு ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. நவம்பரில் படம் திரைக்கு வந்தது. அந்தப் பூதம் குண்டின் பிள்ளைதான். தகாஷி யமசாகி 2023இல் அதை யுத்தம் முடிந்த ஜப்பானுக்கே திருப்பிக் கொண்டுபோனார். காட்சி விளைவுகளைச் செய்தவர்கள் 35 பேர்தான், 2024இல் அதற்கு ஒஸ்கார் கிடைத்தது.

நாயகன் ஷிகிஷிமா தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டு, விமானம் பழுது என்று சொல்லி உயிர் தப்பிய விமானி. வீடு திரும்பினால் வீடு இல்லை. "நீயெல்லாம் ஏன் உயிரோடு வந்தாய்?" என்ற தோரணையில் பக்கத்து வீட்டுப் பெண் ஏசுகிறாள், அவளுடைய பிள்ளைகள் செத்துப்போனார்கள். நொரிகோ என்ற பெண் யாரோ பெற்ற குழந்தையோடு வந்து அந்தத் தகரக் கொட்டிலில் ஒதுங்குகிறாள். மூவரும் இரத்த உறவில்லாத குடும்பம் ஆகிறார்கள். அவனுக்குக் கிடைக்கும் வேலை கடலில் கண்ணிவெடி அகற்றுவது, ஆபத்தானதால் சம்பளம் நல்லது. முகமாலையில் மண்ணைக் கிளறி வேலை செய்த எங்கள் பெண்களுக்கும் பொடியளுக்கும் இது புதுக்கதை அல்ல.

பூதத்தை எதிர்க்க அரசும் வரவில்லை, அமெரிக்கரும் வரவில்லை. முன்னாள் கடற்படையாட்களும் சாதாரண சனமும் சேர்கிறார்கள். அவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவர், இந்த நாடு உயிரை மிக மலிவாக நடத்தியது என்கிறார். இம்முறை ஒருவரும் சாகாமல் செய்வோம் என்பதுதான் அவருடைய திட்டம். பெறாமகன் அந்த இடத்தில் மட்டும் போனைக் கீழே வைத்தான்.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு விசயம். கின்ஸா நகரக் காட்சியில் கொட்ஸில்லாவின் முதுகுச் செதில்கள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கியதும் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். அதன் பிறகு வரும் வெடிப்பும், சனம் பறக்கும் காட்சியும், கறுப்பு மழையும் சிலருக்குத் தாங்காது. 'அண்டர் த ஷடோ'வில் சைரன் திரும்பத் திரும்ப வரும். 'ஹிஸ் ஹவுஸ்' படகுக் காட்சிகளை இரவில் தனியே பார்க்க வேண்டாம். பகலில், கதவைத் திறந்து வைத்து, வீட்டில் யாரும் இருக்கும்போது பாருங்கள்.