நான்கடி பதினோரு அங்குலமும் நூற்று நான்கு ஆண்டுகளும்

மனோகர் ஐச் 1912 மார்ச் 17 அன்று கோமில்லா பகுதியில் பிறந்தார். அன்று அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர். 2016 ஜூன் 5 அன்று கொல்கத்தாவில் அவர் கண்மூடியபோது அந்த ஊர் வங்கதேசத்தில் இருந்தது. இடைப்பட்ட 104 ஆண்டுகளில் அவர் விமானப்படை வீரராகவும் சிறைக்கைதியாகவும் இளநீர் வியாபாரியாகவும் உலக ஆணழகனாகவும் இருந்தார். நான்கு பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய உயரம் 4 அடி 11 அங்குலம். 'பாக்கெட் ஹெர்குலிஸ்' என்று உலகம் அழைத்தது. வங்காளிகள் 'விசுவஸ்ரீ' என்றார்கள்.

அவருடைய இளமையில் வங்காளத்தின் உடற்பயிற்சிக்கூடம் என்பது அகாடா. மண் தரை, தண்டால், பஸ்கி, நம் கர்லா கட்டையை ஒத்த 'முகுர்' ஆகியவையே அதன் சொத்து. அங்கே உடலை வளர்த்தவர்கள் பலருக்கு நாட்டு விடுதலையும் நோக்கமாக இருந்தது. 1902-இல் கொல்கத்தாவில் தொடங்கிய அனுசீலன் சமிதி, உடற்பயிற்சிச் சங்கம் என்ற போர்வையில்தான் புரட்சியாளர்களைத் திரட்டியது. இன்று அதே நகரத்தின் தெருக்களில் 'மல்டிஜிம்' பலகைகள் தொங்குகின்றன. குளிரூட்டிய அறை, ஆளுயரக் கண்ணாடி, ஓடிய தூரத்தைக் கணக்கிடும் டிரெட்மில் எல்லாம் உண்டு. அகாடாவுக்குள் பெண்கள் கால் வைப்பதே அரிது. இன்று கல்லூரி மாணவியும் அறுபது கடந்த அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று டம்பெல் தூக்குகிறார்கள். முழங்காலும் முதுகும் கெடாமல் எப்படிப் பளு தூக்குவது என்று சொல்லித்தரப் பயிற்சியாளரும் இருக்கிறார். இவை சிறிய ஆதாயங்கள் அல்ல.

மனோகருக்கு அப்படி ஓர் ஆசான் ராணுவத்தில்தான் வாய்த்தார். 1942-இல் ராயல் விமானப்படையில் சேர்ந்தபோது ரூப் மார்ட்டின் என்ற ஆங்கிலேய அதிகாரி அவருக்குப் பளுப் பயிற்சியை அறிமுகப்படுத்தினார். இன்னோர் அதிகாரி இந்தியர்களை இழிவாகப் பேச, மனோகர் அவரை அறைந்தார். கிடைத்தது சிறை. சிறையில் கருவி ஏது? சொந்த உடலின் எடையையே பளுவாகக் கொண்டு, சில நாள் 12 மணி நேரம்வரை பயிற்சி செய்தார். அதைப் பார்த்து வியந்த சிறை அதிகாரிகளே அவருக்குத் தனி உணவு ஏற்பாடு செய்தார்கள்.

சிறையிலிருந்து வெளியே வந்தபோது, விடுதலை பெற்ற நாட்டில் அவருக்கு வேலை இல்லை. வீட்டில் பசித்த வயிறுகள் இருந்தன. பிரிவினையில் வீடிழந்த அகதிகள் நிறைந்துகிடந்த சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். 1951-இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில், அவருடைய பிரிவில் முதலிடம் இன்னொரு வங்காளியான மனோதோஷ் ராய்க்குப் போனது, இவருக்கு இரண்டாமிடம். ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கி, அடுத்த ஆண்டு அதே மேடையில் பட்டத்தை வென்றார்.

அகாடாவுக்கும் இன்றைய ஜிம்முக்கும் இடையிலான தூரம் உணவிலும் மருந்திலும் தெரிகிறது. டப்பாவில் வரும் புரதப்பொடி இன்றைய ஜிம் பையில் தண்ணீர் பாட்டிலுக்கு அடுத்த பொருள். மனோகர் சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால் என்று சாப்பிட்டார். அந்த நாளில் தினம் நான்கு வேளை 'பாந்தா பாத்' சாப்பிட்டதாகச் சொல்வார். அது நம் பழைய சோறுதான். மதுவும் புகையும் கிடையாது. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளில் பெயர் பெற்ற டயனபால் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1958-இல்; இவர் பட்டம் வென்று ஆறு ஆண்டு கழித்து. இன்று உலக மேடைகளில் நிற்கும் உடல்களின் அருகே அவருடைய 1952-ஆம் ஆண்டுப் புகைப்படத்தை வைத்தால் அவர் மெலிந்தவராகத் தெரிவார். ஆனால் அந்த மெலிந்த உடல் தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடை ஏறித் தசை முறுக்கிக் காட்டியது.

பட்டம் சோறு போடவில்லை. சர்க்கஸில் இரும்புக் கம்பியைக் கழுத்தால் வளைத்தும், தடித்த புத்தகத்தை ஒரே இழுப்பில் கிழித்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். பிற்காலத்தில் கொல்கத்தாவின் பாகுய்ஹாட்டியில் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ள, அப்பா இளைஞர்களுக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். 2011-இல் லேசான பக்கவாதம் வந்த பிறகுதான் பளு தூக்குவதை விட்டார். அடுத்த ஆண்டு நூறு வயது நிறைந்தது.

அன்று வசதி குறைவு, பொறுமை மிகுதி. அகாடாவில் சேர்ந்த பையன் பல ஆண்டுகளுக்கு என்று சேர்ந்தான். இன்று மூன்று மாதத்தில் வயிறு குறைய வேண்டும், ஆறு மாதத்தில் 'சிக்ஸ் பேக்' தெரிய வேண்டும் என்று சேர்கிறோம். நான்காம் மாதம் சந்தா அட்டை மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. கருவிகளையும் அறிவையும் பெற்ற நாம், முதுமைவரைக்கும் சேர்த்து உடலைப் பேணும் அந்த நீண்ட கணக்கைத் தொலைத்துவிட்டோம்.

மேற்கு வங்க அரசு அவருக்குப் பங்க பிபூஷண் விருதை 2015-இல் வழங்கியது. பட்டம் வென்று 63 ஆண்டுகள் ஆகியிருந்தன; அவருக்கு வயது 103. அதுவரை காத்திருக்க அவருக்கு உடம்பு இருந்தது. மற்ற முதியவர்களுக்கும் இருக்கும் என்று அரசுகள் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.