சாட்சிக் கூண்டு – 12: ஒரே நிறம், ஒரே கும்பலா?

2010-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் தலைநகரான சக்ரமென்டோவில் ஒரு கடைவளாகம். தன்னை ‘நோர்தென்யோ’ என்று சொல்லிக்கொண்ட ஒருவர், எதிர்முகாமான ‘சுரென்யோ’வைச் சேர்ந்தவரை நோக்கிச் சுட்டார். வடக்கத்தியார், தெற்கத்தியார் என்பது இந்த ஸ்பானியப் பெயர்களின் பொருள். வடக்கத்தியாரின் அடையாளம் சிவப்பு நிறம். ஆங்கில எழுத்து வரிசையில் ‘என்’ 14-ஆவது என்பதால் அந்த எண்ணும் அவர்களுடையது.

சுட்டது அவர்தான் என்று ஜூரி தீர்ப்பளித்தது. அதோடு நிற்கவில்லை. ‘கும்பலின் நலனுக்காகச் செய்த குற்றம்’ என்று கூடுதல் தண்டனையும் விழுந்தது. 1988-இல் கலிபோர்னியா இயற்றிய கும்பல் தடுப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. வன்முறைக் குற்றமென்றால் மூலத் தண்டனையோடு 10 ஆண்டுகள் சேரும்.

அந்தப் பத்து ஆண்டுகளைக் கேட்க அரசுத் தரப்பு எதை நிரூபிக்க வேண்டும்? மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது; அதற்குப் பொதுவான பெயரோ அடையாளமோ உண்டு; குற்றம் செய்வது அதன் முதன்மையான வேலைகளில் ஒன்று; அதன் உறுப்பினர்கள் ஏற்கெனவே தொடர்ந்து குற்றங்கள் செய்திருக்கிறார்கள். இத்தனையையும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

விசாரணையில் போலீஸ் அதிகாரி ஒருவர் கும்பல் நிபுணராகச் சாட்சி சொன்னார். சக்ரமென்டோ வட்டாரத்தில் ஏறத்தாழ 1,500 நோர்தென்யோக்கள் இருப்பதாகவும், அவர்கள் பல உட்குழுக்களாகப் பிரிந்திருப்பதாகவும் அவர் கூறினார். சுட்டவர் ‘டெட்ராய்ட் புலவார்ட்’ என்ற உட்குழுவைச் சேர்ந்தவர். ஆனால் முந்தைய குற்றங்கள் என்று காட்டப்பட்டவை வேறு உட்குழுக்கள் செய்தவை. அவர்களுக்கும் இவருடைய குழுவுக்கும் என்ன உறவு? பொதுத் தலைவர் உண்டா? சேர்ந்து வேலை செய்தார்களா? ஒருவரையொருவர் அறிவார்களா? பதிவேட்டில் பதில் இல்லை.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் நீதிபதி குவேயர் எழுதிய தீர்ப்பு, கூடுதல் தண்டனையை ரத்து செய்தது. பெயரும் நிறமும் பொதுவாக இருப்பதால் மட்டும் பல குழுக்கள் ஒரே கும்பல் ஆகிவிடாது. அவற்றை இணைக்கும் உறவைச் சாட்சியம் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்த வெற்றி எவ்வளவு அரியது என்பதை வாசகர்கள் உணர வேண்டும். போதிய சாட்சியம் இல்லை என்று மேல்முறையீடு செய்பவர் செங்குத்தான மலையில் ஏறுகிறார். சாட்சி பொய் சொன்னாரா என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி எடை போடாது. பதிவேட்டில் உள்ள சாட்சியம் முழுவதையும் அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே படிக்கும். அப்படிப் படித்த பிறகும், நியாயமான எந்த ஜூரியும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று தோன்றினால்தான் தண்டனை உடையும். 1979-இல் ஜாக்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. ஆகவே அனுபவமுள்ள வழக்கறிஞர் ‘என் கட்சிக்காரர் நிரபராதி’ என்று வாதாடி நேரத்தைச் செலவிடுவதில்லை. சட்டம் கேட்கும் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதற்குச் சாட்சியமே இல்லை என்று தேடுகிறார்.

அப்படித் தேடியவர்களால்தான் சட்டம் தெளிந்தது. 2012-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், தனியாளாகக் குற்றம் செய்த கும்பல் உறுப்பினரைக் ‘கும்பல் நடவடிக்கையில் பங்கேற்றார்’ என்ற தனிக்குற்றத்துக்குத் தண்டிக்க முடியாது என்றது. சட்டம் ‘உறுப்பினர்கள்’ என்று பன்மையில் சொல்கிறது. ஒருவர் பன்மை ஆகமாட்டார். 2016-இல், ஒரு குறிப்பிட்ட வழக்கின் உண்மைகளைப் பிறர் சொல்லக் கேட்டோ போலீஸ் அறிக்கையில் படித்தோ நிபுணர் ஒப்பிக்கக் கூடாது என்றும் கூறியது.

போலீஸ் பதிவுகளை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? அதே 2016-இல் மாநிலத் தணிக்கை அதிகாரி, ‘கால்கேங்’ என்ற கும்பல் தகவல் தொகுப்பை ஆராய்ந்தார். பதிவு செய்யப்பட்ட நேரத்தில் ஒரு வயதுகூட நிரம்பாதவர்களாகக் குறிக்கப்பட்ட 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர் தாங்கள் கும்பல் உறுப்பினர்கள் என்று ‘ஒப்புக்கொண்டதாக’ எழுதப்பட்டிருந்தது. பேச்சு வராத குழந்தையின் ஒப்புதல்! இத்தகைய பதிவுகளின் நிழலில் ஒருவரின் பத்து ஆண்டுகள் பறிபோகலாம் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

2022 ஜனவரி 1 முதல் சட்டமே இறுகியது. கும்பல் கட்டமைப்புள்ள குழுவாக இருக்க வேண்டும். குற்றத்தால் அதற்குக் கிடைத்த நன்மை வெறும் ‘பேர்’ வாங்குவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் கும்பல் குற்றச்சாட்டைத் தனியாகப் பின்னர் விசாரிக்க வேண்டும்.

சக்ரமென்டோ வழக்குக்குத் திரும்புவோம். கூடுதல் தண்டனை போனதால் அந்த மனிதர் விடுதலை ஆகிவிடவில்லை. சுட்ட குற்றத்துக்கான தீர்ப்பு அப்படியே நின்றது. நிரூபித்ததற்குத் தண்டனை உண்டு, நிரூபிக்காததற்கு இல்லை. நீதிமன்றம் செய்தது இவ்வளவே. நீதி என்பதும் இதுவே.

(தொடரும்)