சொரியாசிஸின் அபூர்வ ரூபங்கள்

சொரியாசிஸ் என்றவுடன் முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிநிறச் செதில் அடர்ந்த தடித்த திட்டுகளே நினைவுக்கு வருகின்றன. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அவ்விதமே தோன்றுவதும் உண்மை. ஆயினும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தூண்டிவிட, ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதிர வேண்டிய சரும அணுக்கள் சில தினங்களிலேயே மேலெழுந்துவிடும் இவ்வியாதி, செதிலே இல்லாத ரூபங்களிலும் வரும் என்பதைப் பலர் அறியார். அந்த அறியாமையால் விளையும் துன்பமோ பெரிது.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் வரும் வகையில், வியர்வையின் ஈரத்தால் செதில் நிலைப்பதில்லை. மினுமினுப்பான, விளிம்பு தெளிந்த திட்டு மட்டுமே தெரியும். அதனைப் படர்தாமரை என்று கருதி, ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசி, மெல்லிய மடிப்புத் தோலை மேலும் மெலியவைத்துக்கொள்வோர் பலர். நூல்கள் சிவப்பு என வருணிக்கும் நிறம் நம்மவரின் கருத்த மேனியில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றுவதால் மயக்கம் இன்னும் மிகுகிறது. சுரண்டிய தோல்துகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை இல்லையென உறுதிசெய்வதும், நகத்தில் நுண்குழிகளும் தலையில் செதிலும் உளவா என்று தேடுவதுமே வழி.

தொண்டைப்புண் வந்த சில வாரங்களில் சிறுவருக்கு உடலெங்கும் நீர்த்துளி தெறித்தாற்போல் கிளம்பும் வகை, பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும்.

அஞ்சத்தக்கது சீழ்க்கொப்புள வகையே. 1910-இல் லியோ வான் சும்புஷ் என்னும் வைத்தியர் விவரித்த இந்நிலையில், காய்ச்சலும் நடுக்கமும் சேர, எரியும் சருமத்தின்மேல் கிருமியற்ற சீழ்க்கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாய் எழுகின்றன. பிறருக்கு இது தொற்றாது. சிலருக்குப் பரம்பரையாய் வந்த மரபணுக் குறை காரணம். கர்ப்ப காலத்திலும் இது வரலாம். சொரியாசிஸ் உள்ளவர் விரைவில் குணமாகலாம் என்ற ஆசையால் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு, சருமம் தெளிந்ததும் திடீரென்று நிறுத்திவிட, அடங்கியிருந்த நோய் இவ்வுருவில் பொங்கியெழுவது மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில் இது தவிர்க்கக்கூடியது. ஸ்டீராய்டை இவ்வாறு திடீரென்று நிறுத்துவதால், உடலின் தோலில் ஏறக்குறைய 90 சதவீதமும் கனன்று உரிந்து, உஷ்ணமும் நீரும் உடலிலிருந்து இழக்கப்பட்டு, இருதயத்திற்கே பாரமாகும் நிலையும் நேரலாம்.

இவ்விரண்டிற்கும் வீட்டுச் சிகிச்சை கிடையாது. அன்றே ஆஸ்பத்திரி சேர வேண்டும். அசிட்ரெட்டின், சைக்ளோஸ்போரின் முதலியன நெடுநாளாகக் கைகொடுத்து வருகின்றன. சீழ்க்கொப்புள வகைக்கென்றே ஸ்பெசோலிமாப் என்னும் ஊசிமருந்தை அமெரிக்கா 2022-இல் அங்கீகரித்தது. அசிட்ரெட்டின் கருவைச் சிதைக்கவல்லதாகையால், பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கு அதனைக் கொடுக்கத் துணியுமுன் வைத்தியர் இருமுறை யோசிப்பார். நோயாளியும் தம் நிலையை ஒளியாமல் சொல்லிவிட வேண்டும்.