வெளுத்ததெல்லாம் பாலல்ல

நம் ஆம்பூரில் தோல் வாங்குவோர் இருபுறமும் புரட்டிப் பார்த்தே தரம் பிரிப்பர். பக்தியின் பெயரால் அழைக்கும் குழுக்களையும் நாம் அவ்வாறே பார்த்தறிய வேண்டாமா?

இலங்கையிலிருந்து வந்த பிரேமானந்தா, விராலிமலை அருகே ஆசிரமம் நடத்தினார். ஆதரவற்ற சிறுமியரும் அங்கு வளர்ந்தனர். 1994இல் பெண்கள் தப்பி வந்து சொன்ன பிறகே கொடுமை வெளிப்பட்டது. பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கிறிஸ்தவப் போதகராக வலம் வந்த ஜிம் ஜோன்ஸின் கட்டளையால், 1978இல் கயானா நாட்டில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே எம்மதமாயினும் அளவுகோல் ஒன்றே.

நல்ல சபையில் கேள்வி கேட்கலாம், காணிக்கைக்குக் கணக்குக் கேட்கலாம், விரும்பினால் விலகலாம். தீய குழுவிலோ தலைவர் சொல்லே தெய்வவாக்கு, கேள்வி கேட்பது பாவம், விலகுவோர்க்குச் சாபம். "இதை வீட்டில் சொல்லாதே" என்பதே அதன் முதல் அடையாளம்.

தோழியரே! அச்சொல்லைக் கேட்ட அன்றே அன்னையிடமோ ஆசிரியையிடமோ சொல்லிவிடுவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் நமக்கு உண்டு. இறைவனிடம் செல்லும் வழியில் ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை.