தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா? பயிர்க்காவல் துப்பாக்கி வைத்திருப்போர் கவனத்துக்கு

கமுதி, முதுகுளத்தூர், கடலாடி வட்டாரங்களில் எந்தக் கிராமத்தில் பயிற்சி வைத்தாலும், விதை, உரம் பற்றிய பேச்சு முடிந்ததும் காட்டுப்பன்றிப் பேச்சு தொடங்கிவிடும். மானாவாரி நெல் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், ஒரே இரவில் தின்பதை விட மிதித்து நாசமாக்குவது அதிகம். கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம் பகலில் அவை படுத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு கேள்வியும் வருகிறது. உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் சிலர், "சார், வெளிநாட்டில் சுட்ட தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறார்கள். சின்னக் கைமெஷின்தான். பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். நாமும் செய்தால் என்ன?" என்று செல்போனில் வீடியோவைக் காட்டுகிறார்கள். கேட்பதில் தப்பில்லை. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. (மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் தோட்டா என்றால் கடலில் போடும் வெடி என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே பேசுவது துப்பாக்கித் தோட்டா.)

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. வெளிக்கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தரும் சிறிய கேப், உள்ளே மருந்து, மேலே குண்டு அல்லது ரவை. சுட்ட பிறகு கூடு மட்டும் மிச்சமாகும். அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, புது கேப், புது மருந்து, புது குண்டு வைத்து மூடுவதைத்தான் வெளிநாட்டில் மறுநிரப்பு என்கிறார்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. போட்டிக்குச் சுடுபவர்கள் மாதம் நூற்றுக்கணக்கில் சுடுவார்கள். அவர்களுக்குச் செலவு குறையும், குறியும் துல்லியமாகும். நம் விவசாயி ஒரு பருவத்தில் எத்தனை தோட்டா சுடப்போகிறார்? விரல் விட்டு எண்ணலாம். அதற்கு ஒரு மெஷின், ஒரு தராசு, தனி அறை என்பது கணக்குக்கே ஒத்துவராது.

வீடியோவில் எளிதாகத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் அளவைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரியாததுதான். மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த பழைய அளவு அது. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், அதாவது நம் குன்றிமணியில் பாதி. அவர்கள் சரிபார்ப்பது அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை. குன்றிமணியைச் சுமார் இருபதாக உடைத்தால் வரும் ஒரு துணுக்குக்குத் தராசு பேச வேண்டும். நகைக்கடைத் தராசுகூடச் சில நேரம் இதற்குப் போதாது.

அளவு தவறினால் என்ன ஆகும்? ட்ராக்டர் முன் டயரில் 30 பவுண்டு அளவில் காற்று வைக்கிறோம். டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி தெரியும். 12 போர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் உண்டாகும் அழுத்தம் 10,000 பவுண்டு அளவுக்குப் போகும். அந்த அழுத்தம் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிகழ்கிறது. கரிமருந்து ஒரு ரகம், புகையில்லா மருந்து வேறு ரகம். இரண்டும் பார்க்கக் கருப்பாக இருந்தாலும் எரியும் வேகமும் எழுப்பும் அழுத்தமும் வேறு வேறு. கரிமருந்துக்காகச் செய்த பழைய குழலில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் பிளந்துவிடும். பட்டாசைப் பிரித்தெடுத்த மருந்து இன்னும் மோசம். அது உரசினாலே பற்றும்.

நம் பக்கத்துப் பாட்டன்மார் மருந்து கெட்டித்துச் சுட்ட துப்பாக்கியும் ஒரு வகையில் மறுநிரப்புத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். வாய்வழி மருந்து போடும் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடியும் புதிதாக நிரப்புவதுதான். அதில் விரல் போனவர்கள், கண் போனவர்கள் கதை பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். கரிமருந்து எரிந்தபின் குழலில் தங்கும் சாம்பல் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் உப்பும் இருக்கிறது. சுட்ட அன்றே கழுவி எண்ணெய் போடாத குழல் உள்ளுக்குள் அரித்து, வெளியே நன்றாகத் தெரியும்போதே மெலிந்துபோகும்.

தோட்டாக் கூட்டுக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் காலத்தில், இந்தியாவில் ராணுவக் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தானாகவே விரிசல் விட்டன. பல காலம் காரணம் புரியவில்லை. 1921-இல்தான் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. இழுத்து வளைத்த பித்தளையில் அந்த ஆவி பட்டால் வெடிப்பு ஓடும். 12 போர் தோட்டாவின் அடிப்பாகம் பெரும்பாலும் பித்தளைதான். நம் வீடுகளில் தோட்டாப் பெட்டி எங்கே இருக்கும்? பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில், யூரியா மூட்டைக்குப் பக்கத்தில். கடையில் வாங்கிய நல்ல தோட்டாவைக்கூட அங்கே வைக்காதீர்கள். கூட்டில் மயிரிழை விரிசல் கண்டால் அதைச் சுட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. முதலில் கொடுப்பது வாய்வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேறு, தோட்டா செய்யும் உரிமை வேறு. செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். அதே சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் அடங்கும். ஆன்லைனில் வாங்கிய கைமெஷின்கூட வழக்குப் பொருளாகலாம். உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. மருந்தை வீட்டில் அரைத்தால் வெடிபொருள் சட்டங்கள் தனியே வரும்.

ஆகவே தோட்டா, கேப், மருந்து எதுவானாலும் உரிமம் பெற்ற கடையில், உங்கள் உரிமப் புத்தகத்தில் எழுதிய எண்ணிக்கைக்குள், பதிவு போட்டு வாங்குங்கள். உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது உங்களுக்கே பழக்கம்.

இதைவிடப் பலருக்குத் தெரியாதது ஒன்று. பயிர்க்காவல் உரிமம் இருப்பதால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று பொருள் இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி அட்டவணை இரண்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொன்றால் வேட்டை வழக்கு. சத்தம் காட்டி விரட்டுவதோடு நிறுத்த வேண்டும். மயில் அட்டவணை ஒன்று. அதன் பக்கம் குழலைத் திருப்பவே வேண்டாம்.

பக்கத்து மாநிலத்து வீடியோவைப் பார்த்துக் குழம்புபவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட வழி செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஏற்பாடு வேறு. 2025 ஜனவரியில் நம் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. நம் மாவட்டத்தில் பெரும்பாலான ஊர்கள் இந்த மூன்றாவது வகைக்குள் வரும் என்பதால் இது நமக்குப் பயனுள்ள வழி. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி, வனத்துறை ஆகியோர் மூலமாக மனு போக வேண்டும். சேதமான வயலைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, அடங்கலோடு சேர்த்துக் கொடுங்கள். தனியாளாகப் போவதை விட ஒரே கண்மாய்ப் பாசனக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் சீக்கிரம் நடக்கும்.

தோட்டாவுக்குப் பதிலாக அவுட்டுக்காய் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வைக்கும் வெடி, பன்றி எது, பசு எது என்று பார்க்காது. தாடை கிழிந்த மாடு தின்னவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும். அது உங்கள் மாடாகவும் இருக்கலாம். ஈ.பி. லைனிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் இழுப்பதும் இதே கதைதான். அதில் இறந்தவர்களில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன சொந்தக்காரர்களும் உண்டு.

ஈய ரவை பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை என்று நம் மாவட்டத்துக் கண்மாய்கள் நான்கு இன்று ராம்சார் ஈரநிலங்கள். வாத்து இனங்கள் இரை செரிக்கச் சிறு கல்லை விழுங்கும். ரவையையும் கல் என்று விழுங்கிவிடும். ஈயம் ஏறிப் பறவை மெல்லச் சாகும். அமெரிக்காவிலேயே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991-இல் தடை செய்துவிட்டார்கள். அந்தப் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர்தான் உங்கள் வயலுக்கு உரமாக வருகிறது.

அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது

பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. அந்த மூக்கை வைத்துத்தான் அதை மடக்க வேண்டும். ஐதராபாத் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைத்த முறை ஒன்று: கந்தகத்தைப் பன்றிக்கொழுப்பில் குழைத்துத் தேங்காய் நார்க்கயிற்றில் பூசி, வயலைச் சுற்றி மூன்று வரிசையாகக் கட்டுவது. கயிற்றுக்கு உச்சிப்புளி, திருப்புல்லாணி பக்கம் பஞ்சமில்லை. வாடை போனதும், குறிப்பாக மழைக்குப் பிறகு, மறுபடி பூச வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு 'பலிக்கவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

நிலக்கடலையைச் சுற்றி நான்கு வரிசை குசும்பா விதைப்பதும் அவர்கள் சொன்னதே. அதன் முள்ளை பன்றி விரும்பாது. கரிசல் நிலத்துக்கு ஏற்ற பயிர். கொஞ்சம் எண்ணெய்வித்தும் கிடைக்கும். மக்காச்சோளத்துக்கு வரப்பு ஓரமாக அடர்த்தியாக ஆமணக்கு. பழைய சேலை கட்டுவது, தகரம் தட்டுவது எல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும். அதற்குள் பன்றி பழகிவிடும். இரண்டு மூன்று முறைகளை மாற்றி மாற்றிச் செய்தால்தான் பலன்.

பணம் போட முடிந்தவர்களுக்கு, கீழே ஓர் அடி மண்ணுக்குள் புதைத்த கம்பிவலை வேலி அல்லது சூரிய மின்வேலி. மின்வேலி நொடிக்கொருமுறை சிறு அதிர்ச்சி மட்டும் தரும், உயிரைக் கொல்லாது. இதற்கு 2023-இல் வந்த மாநில விதிகளின்படி பதிவு தேவை. வாங்கும் முன் வேளாண் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் மானியம் இந்த ஆண்டு உண்டா என்று கேட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வயலை ஒட்டிய சீமைக்கருவேலப் புதரை வெட்டி ஒரு வெட்டவெளியை உண்டாக்குங்கள். பன்றி திறந்த இடத்தைத் தாண்டத் தயங்கும்.

கடைசியாக, பரணில் கிடக்கும் பழைய சாமான்கள். தாத்தா வைத்த மருந்து டப்பா, பச்சை பிடித்த தோட்டாக்கள், உரிமம் காலாவதியான துப்பாக்கி இருந்தால் அவற்றைத் தொட்டுக் குலுக்கிப் பார்க்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், கிணற்றில் கொட்டாதீர்கள், பஸ்ஸில் பையில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, உங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்லும்படி ஒப்படையுங்கள். உரிமம் பெற்றவர் இறந்திருந்தால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசுதாரர் தம் பெயருக்கு உரிமம் கேட்டு மனு செய்யும்போது அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.