கடைப் பெயரையே "அபேஸ்" செய்யும் வெப் டிசைனர்கள்! வியாபாரிகளே, உஷார்!

சென்னை,-

கடைக்குப் போர்டு எழுத வந்த ஆர்ட்டிஸ்ட், எழுதி முடித்த கையோடு, "இந்தப் பெயர் இனிமேல் எனக்குச் சொந்தம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட மாட்டீர்களா?

வெப்சைட் விஷயத்தில் இதுதான் நடக்கிறது. அதுவும் பதிவேட்டில் முறைப்படி பெயர் ஏறி!

கோடவுன் தெருவில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரனின் நச்சரிப்பு தாங்காமல் கடைக்கு வெப்சைட் போட முடிவு செய்கிறார். தெரிந்தவர் சொல்லி ஒரு வாலிபர் வருகிறார். தோளில் லேப்டாப். வாயில் தேன்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க முதலாளி. எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்!"

அந்த "எல்லாத்தையும்" என்ற வார்த்தையில்தான் வில்லங்கம் ஒளிந்திருக்கிறது.

பெயர் யார் பெயரில்?

வெப்சைட்டில் மூன்று சமாசாரம் உண்டு. டாட் காம், டாட் இன் என்று முடியும் பெயர் ஒன்று. அதற்கு "டொமைன்" என்று சொல்கிறார்கள். அதை வைக்கும் இடம் இன்னொன்று. அது வாடகைக் கடை மாதிரி. மூன்றாவது, உள்ளே செய்யும் அலங்காரம்.

அலங்காரம் கெட்டால் மறுபடி செய்யலாம். இடம் போனால் வேறு இடம் பிடிக்கலாம். பெயர் போனால் போனதுதான்!

இத்தனைக்கும் பெயருக்கு ஆகும் செலவு வருஷத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான். நம்ம வாலிபர் என்ன செய்கிறார்? தன் ஈமெயிலைக் கொடுக்கிறார். தன் செல்போன் நம்பரைக் கொடுக்கிறார். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டுவிடுகிறார். சிலர் சோம்பலால் செய்வது. சிலர் திட்டம் போட்டே செய்வது. முதலாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாம் வருஷம் வாலிபருக்குத் துபாயில் வேலை கிடைக்கிறது. போன் "ஸ்விட்ச் ஆப்." பணம் கட்டச் சொல்லும் நோட்டீஸ் அவர் ஈமெயிலுக்கே போகிறது. ஒருநாள் காலையில் பார்த்தால் வெப்சைட்டைக் காணோம்! விசிட்டிங் கார்டிலும் பில் புக்கிலும் அச்சடித்த ஈமெயிலும் அதோடு சேர்ந்து அம்பேல். ஈரோட்டு ஆர்டரும் சூரத்து ஆர்டரும் எங்கே போய் விழுகிறதோ, யாருக்கும் தெரியாது.

பெயர் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், "பதிவேட்டில் உங்க பெயர் இல்லையே சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

டாட் காம் என்றால், கெடு முடிந்த பிறகு சில வாரம் அவகாசம் கிடைக்கலாம். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம். அபராதம் மாதிரி கூடுதல் பணம் கேட்பார்கள். கடைசி 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு முந்திக்கொண்டவனுக்கு லாபம். 30 வருஷம் கட்டிக் காத்த கடைப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடுவது இப்படித்தான்.

மைக்ரோசாப்டே கோட்டை விட்டது!

நமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனியே "பாஸ்போர்ட்" டாட் காம் பெயருக்குப் பணம் கட்ட மறந்தது. ஹாட்மெயில் பயன்படுத்துவோர் உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். அமெரிக்க புரோகிராமர் ஒருவர் தன் சொந்தப் பணம் 35 டாலரைக் கட்டி நிலைமையைச் சரி செய்தார். நல்ல மனுஷர்!

நம்ம சென்னைக் கம்பெனி ஒன்று இதே பெயர் விவகாரத்துக்காக சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "சிபி" என்ற பெயரை வைத்திருந்த சத்யம் இன்போவேதான் அது. அதே மாதிரி ஒலிக்கும் பெயரில் வேறொரு கம்பெனி டொமைன் பதிவு செய்ததால் வழக்கு. பெங்களூரு கோர்ட்டு தடை போட்டது. ஐகோர்ட்டு அதை நீக்கியது. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு சத்யத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டிரேட் மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று சொன்னது.

பெரிய கம்பெனிக்கு அது சரி. கோடவுன் தெரு முதலாளி டெல்லிக்கு எத்தனை தடவை ரெயில் ஏறுவார்?

ஆளை எடை போடுவது எப்படி?

டிசைனர் காட்டும் அழகான படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர் செய்த வெப்சைட்டுகளில் நாலைந்தை உங்கள் செல்போனிலேயே திறந்து பாருங்கள். அதில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய வேலை ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கடைக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டால் போதும்: "பணம் வாங்கின பிறகும் போனை எடுக்கிறாரா?"

"கூகுளில் உங்களை முதல் இடத்துக்குக் கொண்டு வருவேன், கேரண்டி" என்று சொல்லும் பேர்வழியை வாசலோடு அனுப்பிவிடலாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுள் கம்பெனியே சொல்கிறது.

வெப்சைட்டுக்குப் பூட்டுச் சின்னம் போடத் தனி ரேட் கேட்பவர்களும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. வேர்டுபிரஸ் என்ற மென்பொருளும் இலவசம்தான். அதில் செய்தால் தப்பில்லை. நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் வேலையைத் தொடரலாம். "என் சொந்த சாப்ட்வேர்" என்று பெருமை பேசுபவரிடம்தான் ஜாக்கிரதை தேவை. அவர் போனால் அதைத் தொட ஆள் கிடைக்காது.

தமிழில் விவரம் போடுகிறீர்களா? யூனிகோடு எழுத்தா என்று கேளுங்கள். பழைய பாண்டிலோ, படமாகவோ போட்டால் தேடுகிறவர் கண்ணில் படுவது கஷ்டம்.

பணத்தை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ், பாதி வேலையில் கொஞ்சம், எல்லாப் பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகு மிச்சம்.

பேப்பரிலும் எழுதி வாங்க வேண்டும். காசு கொடுத்தால் டிசைன் நமக்குச் சொந்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளியாள் செய்த வேலையின் காபிரைட்டை அவர் எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள்...

டிசைனர் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே டொமைன் கணக்கில் பெயர், ஈமெயில், போன் மூன்றையும் உங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள். "எதுக்கு முதலாளி, நான்தான் இருக்கேனே" என்று இழுத்தால் அன்றைக்கே உஷாராகிவிட வேண்டும்.

மறுத்தால் வழி இருக்கிறது. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்சி என்ற அமைப்பு. அங்கே புகார் கொடுத்தால் நடுவர் விசாரிப்பார். டாட் காமுக்கு ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பிடம் போகலாம். கட்டணத்தைக் கேட்டால்தான் தலை சுற்றும். ஒரு நடுவருக்கே 1,500 டாலர்!

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. "உங்கள் டொமைன் நாளையோடு முடிகிறது, உடனே பணம் கட்டவும்" என்று போலி ஈமெயில் அனுப்பும் கூட்டம். பணம் கட்டி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்.

உண்மையான கெடு தேதியைக் கடைக் காலண்டரில், ஆயுத பூஜைக்குப் போடுவது மாதிரி, சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். வருஷா வருஷம் தொல்லை என்றால் 10 வருஷம் வரைக்கும் ஒரே தடவையில் பணம் கட்டவும் வசதி உண்டு. கார்டு மட்டும் முதலாளியுடையதாக இருக்கட்டும்.